கேரவன் இழுக்க டீசல் எஸ்யூவி: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

கேரவன், அதாவது காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு, வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலரும் முதலில் போய் நிற்பது கார் ஷோரூமில்தான். பெரிய டீசல் எஸ்யூவி ஒன்று கண்ணில் படும். விளம்பரத் தாளில் '3500 கிலோ இழுக்கும்' என்று இருக்கும். அவ்வளவுதான், எந்தக் கேரவனை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று மனது முடிவு கட்டிவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் நெடும்பயணத்துக்கு முன்னால் எல்லாச் சாமான்களையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து எடைமேடைக்குப் போனேன். கேரவனின் எடை இழுவை வரம்புக்குள் கச்சிதமாக இருந்தது. ஆனால் காரின் பின் அச்சு, அனுமதித்த எடையைத் தாண்டியிருந்தது. இழுக்கும் வலு வேறு, தாங்கும் வலு வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை சுற்றிச் சுற்றி எடையிலேயே வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

டீசல் எதற்கு?

பாரம் இழுக்கும் வண்டிக்கு வேண்டியது உச்ச வேகம் அல்ல, என்ஜின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கும் டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் விசை. டர்போ டீசலின் பலம் அங்கேதான் இருக்கிறது. டொயோட்டா லேண்ட் குரூசர் 300-இன் 3.3 லிட்டர் வி6 டீசல் நிமிடத்துக்கு 1600 சுற்றிலேயே 700 நியூட்டன் மீட்டர் டார்க்கைக் கொடுத்துவிடும். பெட்ரோல் என்ஜின் ஏற்றத்தில் கியரைக் குறைத்துக் கதறிக்கொண்டு ஏறும் இடத்தில், டீசல் சத்தமில்லாமல் ஏறிவிடும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருப்பதால், நிரப்பிய டேங்க் அதிக தூரம் வரும்.

அதற்காக எரிபொருள் செலவு ஏறாது என்று நினைத்துவிடாதீர்கள். கேரவனின் முகம் ஒரு சுவர் மாதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் எதிர்ப்பில் 64 சதவீதம்தான் 80-இல் இருக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நான் கண்ட ஒரே உருப்படியான வழி மெதுவாக ஓட்டுவது.

முதல் படி: கேரவன் இல்லாத நாட்களை எண்ணிப் பாருங்கள்

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளாத கேள்வி இது. வருடத்தில் எத்தனை நாள் கேரவன் இழுப்பீர்கள்? 20 நாள்? 30 நாள்? மீதி நாளெல்லாம் அந்த வண்டி என்ன செய்யப்போகிறது?

இன்றைய டீசல் கார்களின் புகைபோக்கியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் கரித்துகளை அது பிடித்துவைத்துக்கொள்ளும். ஓரளவு நிரம்பியதும், கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சேர்ந்த கரியை வண்டியே எரித்துவிடும். இது முடிய நல்ல சூட்டோடு சீராக 10 முதல் 20 நிமிடம் வண்டி ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, கடைக்குப் போய்விட்டு, மூன்று கிலோமீட்டரில் வீட்டுக்குத் திரும்பினால் இந்த எரிப்பு பாதியில் நின்றுபோகும். மறுநாளும் அப்படியே. கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், என்ஜின் வலுவைக் குறைத்துக்கொள்ளும். எரியாமல் மிஞ்சிய டீசல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கும். குறைய வேண்டிய ஆயில் அளவு டிப்ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே வந்தால் நல்லதென்று நினைக்காதீர்கள். நீர்த்துப்போன ஆயில் அது, உடனே மாற்ற வேண்டும்.

எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதை உங்களாலேயே கண்டுபிடிக்க முடியும். வண்டி நிற்கும்போது என்ஜின் சும்மா சுழலும் ஐடில் வேகம் கொஞ்சம் ஏறியிருக்கும். சிக்னலில் தானாக அணையும் என்ஜின் அன்று அணையாது. வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி வேகமாகச் சுற்றும், சூடான உலோக வாசனை அடிக்கும். அப்போது அணைத்துவிடாமல், இன்னும் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுவது டீசல் வண்டிக்கு மருந்து மாதிரி.

ஆகவே மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அன்றாட ஓட்டம் முழுக்க ஊருக்குள் குறுந்தூரம் என்றால், டீசல் வேண்டாம். பெட்ரோலோ ஹைபிரிடோ வாங்கி, அதற்கேற்ற சின்னக் கேரவனாகப் பாருங்கள்.

புதிய டீசல்களில் ஆட்புளூ என்ற திரவத்துக்கும் தனித் தொட்டி இருக்கும். 32.5 சதவீத யூரியாக் கரைசல் அது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் பயன்படுகிறது. கேரவன் இழுக்கும்போது வழக்கத்தைவிட வேகமாகத் தீரும். முழுக்கத் தீர்ந்துபோன நிலையில் வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடுங்கள். மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் குளிர்ப்பிரதேசத்தில் கேனை வெளியே விட்டுவைக்க வேண்டாம். தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. ஸ்டார்ட் செய்யாதவரை டேங்கைக் கழுவுவதோடு போகும். ஸ்டார்ட் செய்தால் பம்ப், இன்ஜெக்டர் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

இரண்டாம் படி: காகிதமும் கால்குலேட்டரும்

காரின் கையேட்டையும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் காரின் எடை, ஆள் சாமானோடு கார் இருக்கக்கூடிய உச்ச எடை, ஒவ்வொரு அச்சின் வரம்பு, இழுவை வரம்பு, காரும் கேரவனும் சேர்ந்த மொத்த எடையின் வரம்பு, டோ பால் (கேரவனை மாட்ட காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை) தாங்கும் எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். விளம்பரத்தில் வருவது இதில் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் கார் 2200 கிலோ, உச்ச எடை 2900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருப்பது 700 கிலோ. நிறைய என்று தோன்றும். நான்கு பேருக்கு 300, சாமானுக்கு 100, குளிர்பெட்டியும் கருவிகளுமாக 60, கூரைப் பெட்டி 45, பின்னால் பொருத்திய டோ பாருக்கு, அதாவது அந்த உருண்டையைத் தாங்கும் சட்டத்துக்கு, 35. இதுவே 540 ஆகிவிட்டது. கேரவனின் முன்முனை டோ பாலை அழுத்தும் எடை 150 கிலோ என்றால், அதுவும் கார் சுமக்கும் பாரம்தான். மொத்தம் 690. மிஞ்சியது 10 கிலோ.

இப்போது கார் 2890 கிலோவில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்த வரம்பு 5500 கிலோ என்றால், கேரவன் சக்கரங்களுக்கு மிஞ்சுவது 2610. காரின் மேல் உட்கார்ந்திருக்கும் 150-ஐச் சேர்த்தால் கேரவனின் முழு எடை 2760 கிலோ. விளம்பரத்தில் '3000 கிலோ' என்று போட்டிருந்தாலும், இந்தக் குடும்பத்தால் இழுக்க முடிந்தது அவ்வளவுதான்.

பின் அச்சின் கதையையும் சொல்ல வேண்டும், என்னை மாட்டிவிட்டது அதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.8 மீட்டர், பின் அச்சிலிருந்து டோ பாலுக்கு 1.2 மீட்டர் என்று வையுங்கள். பாலில் 150 கிலோ அழுத்தினால் பின் அச்சில் ஏறுவது 150 அல்ல, 214 கிலோ. நெம்புகோல் மாதிரி, முன் சக்கரங்களிலிருந்து 64 கிலோவைத் தூக்கிப் பின்னால் போடுகிறது. ஸ்டீயரிங் லேசாகும், முன் டயர்களின் பிடி குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். கார் வாங்கும்போது பின் அச்சுக்கும் டோ பாலுக்கும் இடையே தூரம் குறைவாக இருக்கிறதா என்று ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். விற்பவர் விசித்திரமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

சட்டம் அனுமதிப்பது வேறு, நிம்மதியாக ஓட்ட முடிவது வேறு. பிரிட்டனில் புதியவர்களுக்கு ஒரு பரிந்துரை உண்டு: சாமானோடு கேரவனின் எடை, வெறும் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நம் கணக்கில் அது 1870 கிலோ. முதல் இரண்டு வருடம் இதற்குள் இருங்கள் என்பதுதான் என் ஆலோசனையும். பக்கக்காற்று அடிக்கும் நாளில் கனமான கார் முன்னால் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பது ஓட்டினால் தெரியும். ஓட்டுநர் உரிமம் எவ்வளவு எடை வரை செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

முன்பாரம்

மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். கேரவனுக்கும் அதே நியாயம்தான். பின்னால் கனம் கூடினால் கேரவனின் முன்முனை மேலே எழும்பப் பார்க்கும், நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும். முன்னால் கனம் கூடினால் காரின் பின்புறம் அமுங்கும்.

ஐரோப்பியக் கேரவன்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரம், அதாவது டோ பாலை அழுத்தும் எடை, இருந்தால் சரி என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 10 சதவீதத்தை ஒட்டி வைப்பார்கள். அந்த வண்டிகளின் அமைப்பு வேறு. எதுவானாலும் டோ பார், கார், கேரவன் மூன்றின் வரம்புகளில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

அளப்பது எளிது. சமதளத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்து, கப்ளிங்குக்கு (டோ பாலைக் கவ்வும் கேரவனின் முன்முனைப் பூட்டு) நேர் கீழே ஒரு எடைபார்க்கும் கருவியை வையுங்கள். அதன் மேல் உறுதியான மரக்கட்டை ஒன்றை நிறுத்தி, முன்னிருக்கும் ஜாக்கி சக்கரத்தை மெதுவாக மேலேற்றினால் முழு முன்பாரமும் கட்டை வழியாகக் கருவிக்கு இறங்கும். கட்டையின் நீளம், காரில் மாட்டும்போது கப்ளிங் இருக்கும் உயரத்துக்கு ஒத்துவர வேண்டும். கூடுதல், குறைவு என்றால் சாமானை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கடைக்கோடியில் சைக்கிள்களும் முன்முனையில் கேஸ் சிலிண்டர்களுமாகச் சமன் செய்தால் எண் சரியாக வரும், ஆட்டம் மட்டும் போகாது. இரு முனைகளிலும் கனம் இருந்தால், ஒருமுறை ஆடத் தொடங்கிய கேரவன் எளிதில் நிற்காது. கனமானவை எல்லாம் தரையோடு, சக்கர அச்சுக்கு நேர் மேலே. இலேசான துணியும் தலையணையும் மட்டும் மேல் அலமாரிக்கு.

மூன்றாம் படி: பொருத்த வேண்டியவை

டோ பாரை அந்தக் கார் மாடலுக்கென்று செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியம் வயரிங். காருக்கென்றே வரும் மின்தொகுதியைப் போட்டால்தான், பின்னால் கேரவன் இருப்பது காருக்குத் தெரியும். ஆட்டத்தை அடக்கும் டிரெய்லர் ஸ்டெபிலிட்டி வசதியும் அப்போதுதான் வேலை செய்யும். வெறும் விளக்கு எரிந்தால் போதும் என்று மலிவாக முடித்துக்கொள்பவர்கள் இழப்பது அந்தப் பாதுகாப்பைத்தான்.

ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் பாலும் 13 முனை பிளக்கும் பொதுவானவை. வேறு இடங்களில் மாறும். பாலைக் கிரீஸ் தடவிப் பளபளப்பாக வைத்திருப்பது பழைய பழக்கம். உராய்வுப் பட்டைகள் கொண்ட ஸ்டெபிலைசர் கப்ளிங் உங்களிடம் இருந்தால் கிரீஸ் ஒரு துளிகூட ஆகாது. அந்தப் பட்டைகள் பாலைக் கவ்விப் பிடித்துத்தான் ஆட்டத்தை அடக்குகின்றன. பாலைத் துடைத்து, காய்ந்து, சுத்தமாக வைத்திருங்கள்.

காரை விட அகலமான கேரவன் என்றால் நீட்டுக் கண்ணாடிகள் கட்டாயம். கேரவனில் மின்சார பிரேக் இருந்தால் காருக்குள் அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்தான் என் தேர்வு. மேட்டில் இஞ்சு இஞ்சாகப் பின்னால் நகர்த்தும்போது கிளட்ச் கருகும் கவலை இல்லை.

பழைய எஸ்யூவி வாங்குவதாக இருந்தால் இரண்டு சங்கதி. கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். 'வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற பதில், பாரம் இழுத்த வண்டிக்குப் பொருந்தாது. அடுத்து, டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம்.

நான்காம் படி: மாட்டுவது

அவசரப்படாமல், பேச்சுக் கொடுக்காமல், எப்போதும் ஒரே வரிசையில் செய்யுங்கள். காரைப் பின்னால் கொண்டுவந்து, பாலுக்கு நேர் மேலே கப்ளிங் வரும்படி நிறுத்துங்கள். ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிக் கப்ளிங்கை இறக்கும்போது, பால் உள்ளே போய் 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். அடையாளப் பொத்தான் பச்சை காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் கேரவனை உயர்த்துங்கள். கப்ளிங்கோடு காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் போடவைக்கும் பாதுகாப்புக் கம்பி, பிளக். இரண்டும் தரையில் உரசாமல், திருப்பத்தில் இறுகாமல் இருக்கட்டும். ஜாக்கி சக்கரத்தை முழுக்க மேலேற்றி இறுக்குங்கள். நான்கு மூலைத் தாங்கிகளும் மேலே, கேஸ் வால்வு மூடியது, கூரை ஜன்னல் பூட்டியது, எல்லா விளக்கும் எரிகிறது. கேரவனின் ஹேண்ட்பிரேக்கைக் கடைசியாக எடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். '2319' என்றால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. கேரவன் டயர்கள் தேய்வதற்கு முன்னால் வயதாகி வெடிக்கும். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டுவது

முதல் நாள் காலி மைதானம் ஒன்றில் இரண்டு மணி நேரம் பழகுங்கள். பின்னால் எடுப்பதுதான் எல்லோருக்கும் பயம். ஸ்டீயரிங்கை அடிப்பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். குழப்பம் அதோடு தீரும். கொஞ்சம் திருப்பி, கண்ணாடியில் கேரவன் பெரிதாகத் தெரியத் தொடங்கியதும் நேராக்கிவிடுங்கள். மடிந்துபோகும் போலிருந்தால் நிறுத்தி, முன்னால் எடுத்து, மறுபடி தொடங்குங்கள்.

சாலையில் வால் ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தக் கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். மின்சார பிரேக் இருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைவிசையால் கேரவன் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடியுங்கள், கேரவன் பின்னாலிருந்து இழுத்து நேராகும். வண்டி அடங்கியதும் ஓரம்கட்டி, சாமானைப் பாருங்கள். காரணம் அங்கேதான் இருக்கும், இல்லையென்றால் வேகத்தில்.

ஏற்றத்தில் டீசல் உங்களைக் காப்பாற்றும். இறக்கத்தில் அந்த அளவுக்கு நம்பாதீர்கள். டீசல் என்ஜின் பெட்ரோலைப்போல உள்ளிழுக்கும் காற்றை அடைத்து ஓடுவதில்லை, அதனால் என்ஜின் பிரேக்கிங் குறைவு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ்க் கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், உறுதியாக ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள், தேவைப்படும்போது மறுபடி. பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் வரும் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்தால் பிரேக் மிதி பஞ்சுபோலத் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

நீண்ட ஏற்றம் ஏறி உடனே நிறுத்தினால், ஓரிரு நிமிடம் என்ஜினை ஐடிலில் விட்டு டர்போவை ஆறவிட்டு அணையுங்கள். சர்வீஸ் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும், அதுதான் இனி உங்களுடையது. டீசல் பில்டரில் சேரும் தண்ணீரை வடிப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கிளம்பி 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்துங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபாருங்கள். பிறகு கேரவனைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஊர் வரை தாங்கும் என்று ஓட்டாமல், அங்கேயே ஆளை வரவழைத்துச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.